பள்ளிக்கூடத்து நீர்க்கணக்கு

பழைய அருப்புக்கோட்டை வட்டத்தில் குறண்டி என்று ஓர் ஊர் உண்டு. வெண்புநாட்டுத் திருக்குறண்டி என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரிய சமணப் பள்ளி விளங்கியது. மதுரைக்கு மேற்கே சமணர் மலையில் செதுக்கப்பட்டுள்ள திருமேனிகள் சிலவற்றின் கீழ், திருக்குறண்டி ஆசிரியர் பெயரும் அவர்தம் மாணாக்கர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. பள்ளி மறைந்து போயிற்று. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துச் சிவன் கோயிலில் அதனைக் கூறும் கல்வெட்டுகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. முனிவர் உறைந்த இடம் பள்ளி. அங்கே எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டமையால் கல்விச்சாலை பள்ளிக்கூடம் ஆயிற்று என்னும் செய்தி நம் இல்லங்களில் பாட்டி முதல் பேரன் வரை அறிந்ததே. ஆதலின் அதனை விரித்துரையாது, அந்த மண்ணில் இன்றுள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றியும், அவை பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய ஒரு கணக்கைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

நம் இதழை வாசிப்போரிற் பலர் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பக்கத்தவர். அவர்கள் பொருட்டு முதலில் நிலத்தைச் சொல்லிவிடுதல் நலம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருச்சுழி, ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்றால் திருவண்ணாமலை அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். கரிசல் மண் மிகுந்த வறண்ட சீமை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். எஞ்சிய மாதங்களைக் கண்மாயும் ஊருணியுமே காப்பாற்ற வேண்டும். வடக்கே ஏரி என்று நாம் சொல்வதைப் பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். ஊருணி குடிநீருக்கென்று தனியே காக்கப்படும் குளம். குண்டாறு என்றோர் ஆறும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு.

நாம் ஆசிரியப் பயிற்சி முடித்து, சில ஆண்டுகள் வேறிடங்களில் பணியாற்றிய பின், அச்சீமையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குச் சென்றோம். 1983ஆம் ஆண்டின் கோடை கடுமையானது. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் நாள்தோறும் பத்து மணிக்கு மேலேயே வந்தனர். ஒழுங்கு என்பதைப் பயிற்சிக் காலத்தில் உருப்போட்டவர்கள் அல்லவா நாம்? அவர்களை வெளியில் நிறுத்தினோம். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்தோம். ஒருவார காலம் இவ்வாறு நடந்தது. ஒருநாள் ஒரு சிறுமியின் புத்தகப் பைக்குள்ளிருந்து ஈரச் சும்மாடு ஒன்று கீழே விழுந்தது. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. ஊருணி வற்றிவிட்டமையால், இருள் பிரியுமுன் எழுந்து குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றி, வீட்டில் சேர்த்துவிட்டு அவர்கள் பள்ளிக்கு ஓடி வந்திருக்கின்றனர். முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அவர்களையே நாம் வெயிலில் நிறுத்தியிருக்கிறோம். அப்பதிவேட்டில் நாம் இட்ட குறிகளை அடித்துத் திருத்த விதி இடந்தரவில்லை. அவை இன்றும் எங்கோ ஓர் அலமாரியில் நம் அறியாமைக்குச் சான்றாக இருக்கக்கூடும்.

மறுநாள் கணக்குப் பாடத்தைப் பலகையில் அதனைக் கொண்டே நடத்தினோம். யார் எத்தனை குடம், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து சொல்ல, இரண்டு பத்திகளாக எழுதிக் கூட்டினோம். அவ்வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒரே நாளில் தண்ணீருக்காகச் செலவிட்ட நேரம், நம் பள்ளியின் ஐந்து நாள் வேலை நேரத்தை விஞ்சியது. ஆண்பிள்ளைகளின் பத்தியில் பெரும்பாலும் சுழியமே நின்றது. பலகையைப் பார்த்து அவர்கள் முதலில் சிரித்தனர். பிறகு சிலர் தலை கவிழ்ந்தனர். மறுவாரம் மூன்று பையன்கள் மட்டும் மிதிவண்டியில் குடம் கட்டிக்கொண்டு சென்றதாகச் செய்தி வந்தது. மற்றவர்கள் மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் எண்களைப் பலகையில் எழுதிய பின்பு, அதுவரை யார் கண்ணுக்கும் படாத ஒரு சுமை வகுப்பறைக்குள் வந்துவிட்டது. சமூகப் பொறுப்பு என்பதை நாம் கற்பித்த முதற்பாடம் அதுவே. அதனைக் கற்றவரும் முதலில் நாமே.

இக்காலத்தார் 'நீடித்த பயன்பாடு' என்று பேசுகின்றனர். நமக்குப் பின் வருவோர் பங்கை நாம் உண்டுவிடாமல் வாழ்தல் என்பது அதன் பொருள். இச்சொல் வழக்கிற்கு வருமுன்பே இதனை ஒரு நூலாக எழுதியவர் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1945ஆம் ஆண்டு சிறையிலிருந்தபோது அவர் எழுதிய நூல் நிலைத்த பொருளாதாரம் பற்றியது. தேனீ தன் கூட்டத்துக்காகச் சேர்ப்பதையும், தாய்ப்பறவை கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டுவதையும் காட்டி, மனிதர் பொருளீட்டும் முறைகளை அவர் தரம்பிரித்தார். அவர் தம் இறுதிக்காலத்தில் வாழ்ந்த இடம், விருதுநகருக்கு வடமேற்கே டி. கல்லுப்பட்டியில் 1940ஆம் ஆண்டு தோன்றிய காந்தி நிகேதன். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

குமரப்பா தொழிலால் ஒரு கணக்குத் தணிக்கையாளர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நமக்கு அதுவே முக்கியமாகப்படுகிறது. குஜராத்தில் மாத்தர் வட்டத்தின் வறுமையை அறிய அவரைக் காந்தியடிகள் அனுப்பியபோது, அவர் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு 54 கிராமங்களில் வீடுவீடாகச் சென்று வரவு செலவைக் குறித்தார். கிராமத்தை உயர்த்தப் புறப்படும் மாணவர் முதலில் எண்ணிப் பார்க்கக் கற்க வேண்டும் என்பது அவர் வழி. உபதேசம் அதற்குப் பின்னரே.

நம் அரசுப் பள்ளிகளிற் சுற்றுச்சூழல் கல்விக்கு ஆணைகள் குறைவில்லை. அதனை எல்லா நிலையிலும் கற்பிக்குமாறு உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று பணித்தது. 2001-02இல் தேசிய பசுமைப் படை தொடங்கப்பட்டு, பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றங்கள் தோன்றின. நெகிழிப் பைகளுக்கும் குவளைகளுக்கும் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழகத்தில் தடை. மஞ்சள் பை மீண்டும் வந்தது. இவை யாவும் நல்லனவே. குறை எங்கே என்றால், சென்னையில் எழுதப்படும் சுற்றறிக்கை கரிசல் மண்ணை அறிவதில்லை.

மரநடு விழாவை எடுத்துக்கொள்வோம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளி திறக்கும் காலமும் அதுவே. ஆகவே எல்லாப் பள்ளிகளிலும் ஜூன் மாதத்தில் கன்று நடுகின்றனர். கேரளத்தில் அப்பொழுது பருவமழை தொடங்கும். அங்கு அது பொருந்தும். அருப்புக்கோட்டையில் ஆனி மாதம் என்றால் நிலம் வெடித்துக் கிடக்கும், காற்று அனலாய் வீசும். அம்மாதம் நட்ட கன்று ஐப்பசி மழையைக் காணுமுன் நான்கு மாதம் குடநீரில் உயிர் பிழைக்க வேண்டும். பிழைத்தாலும், அடுத்த மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கும்போது அதற்கு நீர் ஊற்றுவார் இலர். நாம் பணியாற்றிய காலத்தில் ஒரே குழியில் ஆண்டுக்கொரு கன்றாக நட்ட அனுபவம் நமக்கு உண்டு. நடுகின்ற நாளைப் புரட்டாசிக் கடைசிக்கோ ஐப்பசி முதல் மழைக்கோ மாற்றினால் பாதிக் கன்றுகள் தாமே தழைக்கும். வேம்பு, புங்கை, பூவரசு ஆகியவை அம்மண்ணுக்கு ஏற்றவை. ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டைகளைப் பொறுக்கிக் கண்மாய்க் கரையில் ஊன்றிவிட்டால் நீரூற்றும் வேலையே இல்லை.

மழைநீர்ச் சேகரிப்பிலும் இவ்வாறே. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் அதனைக் கட்டாயமாக்கியது துணிவான செயல். பள்ளிகளிலும் குழி வெட்டி, மணலும் சல்லியும் நிரப்பினர். செம்மண் நிலத்தில் அக்குழி நீரைக் குடிக்கும். நனைந்த கரிசல் மண் நீரை எளிதில் உள்ளே விடாது. குழி நிரம்பி வழிந்துவிடும். நீரைக் குடிக்க மறுக்கும் அம்மண்ணின் இயல்பைக் கண்டே முன்னோர் அங்கு ஊருணி வெட்டினர். ஆகவே கரிசற் சீமைப் பள்ளிக்கு ஏற்றது கூரை நீரைத் தொட்டியில் தேக்கும் முறையே.

எவ்வளவு நீர் கிடைக்கும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. 1000 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன் மேல் ஆண்டில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 74,000 லிட்டர். கூரையைக் கழுவும் முதல் மழையை வெளியே விட்டு, சிதறலும் கசிவும் கழித்து, 53,000 லிட்டர் தேறும் எனக் கொள்வோம். 120 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிநீர் வேண்டும். மொத்தம் 240 லிட்டர். பள்ளி நாட்கள் 220 என்றால் ஆண்டுத் தேவை 52,800 லிட்டர். ஒரு கூரையின் மழையும் ஒரு பள்ளியின் தாகமும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்பதைப் பாருங்கள். அத்தனை நீரையும் தேக்கப் பெருந்தொட்டி வேண்டும், செலவு மிகும் என்பது உண்மை. பாதியைத் தேக்கினாலும், மாசி, பங்குனியில் உவர்நீர் குடிக்கும் துன்பம் நீங்கும். வடிகட்டியும் காய்ச்சியும் பருகுவது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. துணியில் வடித்த நீரை அளந்தே செலவிட்ட நம் பாட்டியரின் பழக்கத்தை உயிர் ஓம்பும் நோன்பாக மட்டுமே நினைத்திருந்தோம். ஒரு குடம் வடிப்பதன் உழைப்பை அறிந்தவள் அதனைக் கொட்ட மாட்டாள் என்பது அந்தச் சீமைக்குச் சென்ற பின்பே நமக்கு விளங்கிற்று.

கழிவு நீருக்கும் ஒரு கணக்கு உண்டு. சத்துணவு உண்டபின் ஒரு பிள்ளை கையும் தட்டும் கழுவ அரை லிட்டர் போதும். 120 பிள்ளைகளுக்கு 60 லிட்டர். ஐந்து நாளில் 300 லிட்டர். கன்றொன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டராக ஊற்றினால் 15 கன்றுகள் வளரும். கழுவுமிடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் ஊற்றுவதற்கு ஆளும் வேண்டா.

இக்கணக்குகளை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. நீர் எங்கிருந்து வந்தது, எத்தனை லிட்டர், குடிக்க எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு, இன்று எவர் முறை என்று பத்திகள் இட்ட ஒரு குறிப்பேடு போதும். நான்காம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் முறை வைத்து எழுதலாம். உண்ணாமல் எறிந்த சோற்றையும் அதிலேயே எழுதலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. எறிந்த சோற்றை நிறுத்துப் பார்த்தால் எத்தனை பிள்ளைகளின் பங்கு குப்பைக்குப் போயிற்று என்று ஓரளவு தெரிந்துவிடும். எவரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

முறை என்ற சொல்லைக் கண்மாயிலிருந்தே எடுத்துக்கொண்டோம். கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டுத் திறந்துவிடுபவரை நீர்ப்பாய்ச்சி என்பர். சில ஊர்களில் அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரையே அப்பணிக்கு வைப்பர். அப்பொழுதுதான் பங்கீட்டில் சாய்வு இராது. பள்ளியிலும் நீர் எடுக்கும் வகுப்பு ஒன்றாகவும் கணக்கு எழுதும் வகுப்பு வேறாகவும் இருத்தல் வேண்டும். இதனைச் சொன்னவர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர் எவரும் அல்லர். நம் மாணவன் ஒருவனின் பாட்டனார். அவர் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்.

ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை ஆர்வத்தால் செய்வது அவர் மாறுதலாகிப் போனவுடன் நின்றுவிடும். நாமும் மாறுதல் பெற்றுச் சென்றோம். இரண்டாண்டு கழித்து அவ்வழியே வந்து எட்டிப் பார்த்தபோது ஏடும் இல்லை, வாய்க்காலும் தூர்ந்திருந்தது. ஆகவே இது ஒன்றியம் முழுவதற்கும் உரிய வேலையாக வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரின் கீழ் ஓர் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகள் அனைத்தும் இருக்கின்றன. ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையங்களும் உண்டு. அங்கே ஒவ்வொரு பள்ளியும் தன் நீர்க்கணக்கைக் கொண்டுவந்து அருகருகே வைத்தால், எந்த ஊர்த் தொட்டி கசிகிறது, எந்த ஊரில் மீதம் மிகுதி என்பது தெரியும். பரிசும் கேடயமும் இதற்கு வேண்டா என்பது நம் கருத்து. பரிசு வைத்த அன்றே பொய்க்கணக்கு பிறந்துவிடும்.

ஊராரின் பங்கு இன்னும் பெரிது. விருதுநகரிற் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி மதிய உணவில் ஊரார் அளித்த நெல்லும் காய்கறியும் காசும் சேர்ந்தே இருந்தன. 1958ஆம் ஆண்டு முதல், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. எவரெவரோ நிலம் தந்தனர். கரும்பலகை, மணி, கடிகாரம், தண்ணீர்ப் பானை தந்தனர். 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் வந்தபின் பசி நீங்கியது. அது பெருநன்மை. ஆனால் பள்ளி முழுவதும் சர்க்காருடையது, நமக்கு அதில் வேலையில்லை என்னும் எண்ணமும் மெல்ல வேரூன்றிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். அக்குழுவிற் பாதியினர் பெண்கள். தண்ணீர் சுமப்பவர்களே தொட்டியைப் பற்றி முடிவெடுக்க இதனினும் நல்ல வாய்ப்பு வாராது. கையெழுத்திட மட்டும் அவர்களை அழைப்பது அச்சட்டத்தை ஏய்ப்பதாகும்.

கடினமான ஒன்றையும் சொல்லாமல் விடுதல் ஆகாது. அச்சீமையெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கண்மாய் உட்பரப்பை அடைத்து, வரத்துக்காலையும் மறிக்கிறது. 2017ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டபோது பள்ளிப் பிள்ளைகளும் உறுதிமொழி எடுத்தனர். நம் வகுப்புகளிலோ அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் எப்பொழுதும் இருந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் வேளாண்மையிழந்த குடும்பங்களையும் அக்கரியே காத்தது. மூட்டம் போடப் பெற்றோர் வேறிடம் செல்லும்போது பிள்ளையும் உடன் சென்றுவிடும். பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். 'சீமைக் கருவேலம் நச்சு மரம்' என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, அக்கரியை விற்று வாங்கிய நோட்டில் அதனை எழுதும் பிள்ளையின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். கண்மாயில் அம்மரம் கூடாது என்பதில் ஐயமில்லை. அதனை அகற்றினால் எந்த வீட்டு அடுப்பு அணையும், அவ்வீட்டுக்கு மாற்று வேலை யாது என்பதும் அக்கணக்கின் மற்றொரு பத்தி. ஒரு பத்தியை மட்டும் கூட்டிவிட்டு விடை கண்டதாகப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நல்லாசிரியர்க்கு அழகன்று. அகிம்சையைப் பற்றிப் பேசும் நமக்கு அது சிறிதும் தகாது.

மே மாதத்து நீருக்கு வருவோம். நாம் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன், வேறொரு பள்ளியில், விடுமுறைக்கு முந்தைய நாள் ஒவ்வொரு கன்றையும் அதன் அருகில் வாழும் ஒரு வீட்டாரிடம் ஏட்டில் எழுதி ஒப்படைத்தோம். பெரியவர் கைந்நாட்டு வைத்தார், பிள்ளை கையெழுத்திட்டது. ஜூனில் திரும்பி வந்து எண்ணியபோது பதினொன்றில் ஏழு உயிரோடு இருந்தன. இறந்த நான்கில் ஒன்று நம் விடுதி அறைக்கு எதிரே, நாமே பொறுப்பேற்றுக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட கன்று. பிள்ளைகள் அதனையும் ஏட்டில் எழுதிவிட்டனர்.

வந்தவாசியிலோ செஞ்சியிலோ இதனை வாசிக்கும் இளையோர், தம் ஊர் அரசுப் பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரின் இசைவு பெற்று, கூரையின் நீள அகலங்களை அளந்து, தம் பகுதி மழையளவைக் கொண்டு மேற்சொன்ன கணக்கைச் செய்து பார்க்கலாம். ஓட்டுக்கூரை சரிந்திருக்கும், சரிவின் மேல் அளக்காமல் அது தரையில் மூடும் பரப்பை அளக்க வேண்டும். மண் கரிசலா செம்மண்ணா என்பதை ஒரு குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்த்தே அறியலாம். ஐயம் எழுந்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் விடை எழுதிவிடுகிறோம்.